அட்டாச்மென்ட் என்றால் பாத்ரூம் அல்ல

கம்போடு வாட்ச்மேன் பின்னால் வர, கண்ணீரோடு ஆண்கள் சலூனுக்குள் புகுந்த பெண்மணி... எங்கள் படூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "கேளம்பாக்கம் வரைக்கும் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் என் கணவர் சேகர். நாவலூர் ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேன்கள் வைத்திருப்பவர். அவர் போன் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை. அந்தப் போன் அன்று அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத்தான் ஆள் இல்லை.

சாதாரண மனுஷி என்ன செய்வாள்? "வேலையா இருப்பார்" என்று தோசை ஊற்றப் போவாள். நான் என்ன செய்தேன்? அவருடைய எல்லா டிரைவர்களுக்கும் போன் போட்டேன். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் குடும்பத்தை இறக்கிவிட்டு அப்போதுதான் டீயை வாயில் வைத்த ஒரு டிரைவர், அந்தக் குடும்பத்தைக் கடற்கரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு ஈ.சி.ஆரில் பறந்து வந்துகொண்டிருந்தார். என் மனக்கண்ணில் ஓ.எம்.ஆரில் ஒரு லாரி. லாரிக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டர் பக்கத்தில் நீல நிறச் செருப்பு. சேகரிடம் நீல நிறச் செருப்பே கிடையாது என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் முனுசாமிதான் துப்புத் துலக்கினார். "மேடம், சாரு வண்டி முக்குல சலூன் வாசல்ல நின்னுகினு கீது. ஆள மட்டும் காணோம்."

ஆளை மட்டும் காணோமா? போதாதா எனக்கு? ஓடினேன். துணைக்கு முனுசாமியும் கம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். கம்பு எதற்கென்று அவருக்கும் தெரியாது.

உள்ளே நாற்காலியில் ஓர் உருவம் சாய்ந்து கிடந்தது. முகம் முழுக்க வெள்ளை க்ரீம். இரண்டு கண்ணிலும் வெள்ளரிக்காய்.

அந்த உருவம் ஒரு கண்ணிலிருந்து மட்டும் வெள்ளரிக்காயை எடுத்து என்னைப் பார்த்தது.

"அமுதா?"

முனுசாமி குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னார். "சாரு உயிரோடதான் கீறாரு மேடம்."

என் நாத்தனார் பெண் கல்யாணத்துக்காக ரகசியமாக ஃபேஷியல் செய்துகொள்ள வந்திருக்கிறார் மனுஷன். போன் ஸ்கூட்டர் டிக்கிக்குள். மொத்த சலூனும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.

சேகர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பளபளக்கும் முகத்தோடு எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குக் கோவம் இல்ல அமுதா. வர்றவன் போறவன்லாம் ஒரு மாசத்துக்குக் கிண்டல் பண்ணி ஓட்டுவான், ஓட்டட்டும். ஆனா நீ உள்ள வந்தப்ப உன் மூஞ்சிய நான் பாத்தேன். ஒரு ஃபேஷியலுக்கு ஒரு மனுஷி இவ்ளோ பயப்படக் கூடாதும்மா. யாராச்சும் ஒரு ஆளப் போயி பாரேன்."

யாராவது ஓர் ஆள். சொல்வது சுலபம். அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது?

வாசகர்களே, மாப்பிள்ளை தேடுவதற்குத் தரகர் இருக்கிறார். வீடு தேடுவதற்குப் புரோக்கர் இருக்கிறார். தெரபிஸ்ட் தேடுவதற்கு? கூகுள் இருக்கிறது. கூகுளை நம்பி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முதலில், கேளம்பாக்கத்தில் ஏதோ ஒரு 'தெரபி சென்டர்' என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். "தெரியும் மேடம், எங்க மாமியாரே அங்கதான் போவுது" என்றார். நல்ல சகுனம். போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் "எங்க வலி?" என்று கேட்டாள். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சின்ன வயசுலேர்ந்தே இருக்கு" என்றேன். அவள் என் தோள்பட்டையைப் பிடித்துச் சுழற்றினாள். பிறகு படுக்க வைத்து சூடான ஏதோ ஒன்றை முதுகில் கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, அது பிசியோதெரபி. பாதியில் எழுந்து போக வெட்கமாக இருந்ததால் முழுவதும் படுத்திருந்தேன். ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் தோள்பட்டை வலி வந்ததே இல்லை.

அடுத்தது ஒரு ஆப். வீடியோவில் வந்த பெண் மிகவும் இனிமையானவள். "ஃபீல் ஃப்ரீ" என்றாள். நானும் ஃப்ரீயாக அழ ஆரம்பித்தேன். நெட்வொர்க் நின்றுவிட்டது. திரையில் அவள் கண்ணை மூடி, வாயைத் திறந்தபடி உறைந்து போயிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அழ முடியுமா? சிரிப்பு வந்துவிட்டது. லைன் திரும்பி வந்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். "வாவ், குட் ப்ராக்ரஸ்" என்றாள்.

மூன்றாவதுதான் உச்சம். கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், கடலை ஒட்டிய சவுக்குத் தோப்புக்குள் ஒரு 'ஹீலிங்' இடம். வெள்ளை வேட்டி, வெள்ளைத் தாடியோடு ஒருவர் என் கதையை முழுசாகக் கேட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார், "அம்மா, உங்க பிரச்சினைக்குப் பேரு அட்டாச்மென்ட். பற்று. கணவர் மேல பற்று, போன் மேல பற்று. அறுத்துப் போடுங்க. பயம் தானா போயிடும்."

"எப்படிங்க அறுக்கறது?"

"அந்த சவுக்கு மரத்தக் கட்டிப் பிடிச்சுக்குங்க. பாரத்த எல்லாம் அதுகிட்ட குடுங்க."

கட்டிப் பிடித்தேன். நான் பாரத்தை மரத்திடம் கொடுத்தேன். மரம் எறும்பை என்னிடம் கொடுத்தது.

உடம்பெல்லாம் தடிப்போடு வீட்டில் உட்கார்ந்து, என் கல்லூரித் தோழி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் செட்டிலேயே ரொம்ப நிதானமானவள். எறும்புக் கதையைக் கேட்டு மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"எங்க தெரபிஸ்ட்டப் போய்ப் பாரேன்டி."

"எங்கன்னா... யாரோட?"

"என்னோடதான். நான் போயிட்டுதானே இருக்கேன்."

கல்லூரியிலிருந்து இவளைத் தெரியும். இவள் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவள் நான். "நீயா? உனக்கு என்னடி குறை?"

"பல்லு விழுந்தப்புறந்தான் நீ பல் டாக்டர்கிட்ட போவியா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லயே..."

"நீ கேக்கவே இல்லயே. சொல்லியிருந்தா எங்க வூட்டு வாசல்ல வந்து உக்காந்திருப்ப. வாட்ச்மேனையும் இட்டுகினு வந்திருப்ப."

நியாயம்தான்.

அப்படித்தான் ஸ்டெல்லா கொடுத்த நம்பரில் பேசி, கலைவாணியைப் பார்க்கப் போனேன். செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் மாடியில் ஒரு சின்ன அறை. கீழே டிபன் கடை. மனக்கஷ்டத்தைச் சொல்லும்போது பூரி வாசனை வரும். ரயில் போனால் ஜன்னல் லேசாக நடுங்கும். கலைவாணிக்கு என்னைவிட வயது குறைவு. மருத்துவ உளவியல் படித்து, முறையாகப் பதிவு செய்தவர். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்படாதே என்று ஸ்டெல்லா சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்டது நல்லது. நிறைய பேர் கேக்கறதே இல்ல" என்றார்.

அதோடு நிற்கவில்லை. "முதல் ரெண்டு மூணு தடவை நீங்களும் என்னைப் பாருங்க. எங்கிட்ட பேச வரலன்னு தோணிச்சுன்னா மனசுல வச்சுக்காம சொல்லுங்க. வேற நல்ல ஆளா நானே சொல்றேன்."

யோசித்துப் பாருங்கள். எந்தக் கடையில் "பிடிக்கலன்னா எதிர்க்கடைக்கு நானே கூட்டிப் போறேன்" என்கிறார்கள்? அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது.

சலூன் கதையைச் சொன்னேன். சிரித்தார். எல்லோரையும் போலச் சிரித்துவிட்டு, யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"போன் அடிச்சுகிட்டே இருந்தப்ப... உங்களுக்கு என்ன வயசு மாதிரி இருந்துச்சு?"

என்ன கேள்வி இது? எனக்கு நாற்பதைத் தாண்டியாயிற்று. அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் வந்தது வேறு.

"பஸ் ஸ்டாண்டு."

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டு. அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. அம்மா கையில் ஒரு ஒயர் கூடை. பெரியம்மா என் கையைப் பிடித்திருந்தார். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா திரும்பி வந்தபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன்.

பெரிய மர்மமெல்லாம் இல்லை. அம்மாவுக்கு டி.பி. தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வளர்ந்த பிறகு அதைத் தெரிந்துகொண்டேன். 'அம்மாவுக்கு அப்ப உடம்பு சரியில்ல' என்ற ஒரு வரியாக அது எங்கள் வீட்டில் இருந்தது. அந்த வரிக்கு அடுத்த வரியை யாரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. சேகர் எடுக்காத போனுக்கும் அந்த பஸ்ஸுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவிலாவது நினைத்திருப்பேனா?

கலைவாணி எளிதாகச் சொன்னார். குழந்தை பயந்தால் ஓடிப்போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அங்கேயே இருப்பார் என்று நிச்சயமாகத் தெரிந்தால், குழந்தை தைரியமாக வெளியே போய் விளையாடும். அந்த நிச்சயம் ஆட்டம் கண்டால் சில குழந்தைகள் முந்தானையை விடாமல் பிடித்துக்கொள்ளும். சில குழந்தைகள் 'எனக்கு யாரும் வேண்டாம்' என்று தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நம்மோடு கூடவே வரும். ஆனால் அது கல்லில் செதுக்கியது இல்லை, மாறக்கூடியது. இந்த பந்தத்தைத்தான் அட்டாச்மென்ட் என்கிறார்களாம். அதைப் பிடித்துக்கொண்டு செய்கிற சிகிச்சைதான் இது.

"அப்ப நான் முந்தானை கேஸா?" என்றேன்.

"கேஸ்லாம் இல்ல. உங்களுக்கு அது ஒண்ணுதான் அப்ப தெரிஞ்ச வழி."

"சவுக்குத் தோப்புல ஒருத்தர் பற்றை அறுத்துப் போடச் சொன்னாரே..."

"நான் அறுக்கச் சொல்ல மாட்டேன். பிடிச்சுக்கறது தப்பில்ல. கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கலாம். விட்டாலும் அந்த ஆள் இருப்பாருன்னு உடம்புக்குத் தெரியணும். மூளைக்குத் தெரிஞ்சா பத்தாது."

எனக்குப் புல்லரித்தது. எறும்பினால் இல்லை.

இன்னொரு ஜோக். எங்கள் வீட்டில் நான் முந்தானை, சேகர் தள்ளிப்போய் உட்காரும் ரகம். நான் போன் மேல் போன் போட, அவர் சைலன்ட்டில் போட, அவர் சைலன்ட்டில் போடப் போட நான் இன்னும் போட... கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். அவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப என் மேலயும் தப்பு இருக்குங்கறாங்களா அந்தம்மா?" என்றார். "தப்புன்னு சொல்ல மாட்டாங்க" என்றேன். "கெட்டிக்காரம்மா" என்றார்.

வாரா வாரம் போனேன். நடுவில் ஒருநாள் கலைவாணி, "அடுத்த ரெண்டு வாரம் லீவு. ஊருக்குப் போறேன்" என்றார். "ஐயோ, தாராளமா போயிட்டு வாங்க மேடம்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். படி இறங்கிக் காரில் உட்கார்ந்தேன். பயங்கரக் கோபம். இவர் எப்படிப் போகலாம்? இவருக்கு என்ன ஊர் வேண்டிக் கிடக்கிறது? ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, வேறு தெரபிஸ்ட் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"போயி அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லு" என்றாள் ஸ்டெல்லா.

லீவு முடிந்து வந்ததும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "நீங்க ஊருக்குப் போனது எனக்குப் பிடிக்கல. கோவமா வந்துச்சு."

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே... பிள்ளை முதல் மார்க் வாங்கிய மாதிரி. "இத எங்கிட்டயே சொன்னீங்க பாத்தீங்களா? நானும் வந்துட்டேன், நீங்களும் வந்துட்டீங்க. கோவத்தச் சொல்லியும் ஒண்ணும் உடையல." திட்டியதற்குப் பாராட்டு வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அன்றைக்குத்தான் அடுத்த குண்டைப் போட்டார். "உங்க அம்மாவ ஒரு தடவை கூட்டிட்டு வர முடியுமா?"

"அம்மாவையா... அவங்களுக்கு வயசாயிடுச்சே மேடம். குத்திக் கிளறி..."

"அவங்களக் கூண்டுல ஏத்தறதுக்கு இல்ல. அந்த பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேர் இருந்தாங்க. இதுவரைக்கும் ஒருத்தர் பேசினதத்தான் நாம கேட்டிருக்கோம்."

அம்மா வருவதற்கு முன் சில வாரங்கள் என்னைத் தயார் செய்தார். எதைச் சொல்லப் போகிறேன், அம்மா மறுத்தால் என்ன செய்வேன், நான் பாதியில் உடைந்தால் கலைவாணி எப்படித் தாங்கிப் பிடிப்பார் என்றெல்லாம் பேசினோம். சரி, நான் தயார். அம்மாவைத் தயார் செய்வது யார்?

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சம்பூரணம். நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவர், பிறகு சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராகச் சேர்ந்து ரிட்டையர் ஆனவர். மதுராந்தகத்தில் என் தம்பியோடு இருக்கிறார். மனதில் பட்டதை நேராக முகத்தில் அடிக்கிற பேச்சு. போனில் மெதுவாக ஆரம்பித்தேன்.

"எனக்கு இன்னாத்துக்குடி டாக்டரு? எனக்கு மூளை நல்லாத்தான் கீது."

"உனக்கில்லம்மா, எனக்கு. அட்டாச்மென்ட்டுன்னு ஒரு ட்ரீட்மென்ட்."

"அட்டாச்சா? தம்பி புது வூட்டுல கட்டுனானே பாத்ரூமு, அதுவா?"

"அது இல்லம்மா. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல இருக்கிற..."

"நடுவுல இன்னா கீது? உனக்கும் எனக்கும் இன்னா சண்டையா?"

சண்டை இல்லை. அதுதானே பிரச்சினை. நாங்கள் சண்டை போட்டதே இல்லை. தீபாவளிக்குப் புடவை, பொங்கலுக்குப் பணம், "சாப்டியா?" "சாப்டேன்." நல்ல மகள், நல்ல அம்மா. ஒருவர் மடியில் ஒருவர் தலை வைத்ததில்லை.

கடைசியில் வந்தார். மகளுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, தன்னிடம் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். மாடி ஏறும்போது, "பூரி நல்லா போடறான் போல" என்றார். உள்ளே போய்க் கலைவாணியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, ஊசி கீசி போடுவியா?"

"இல்லம்மா. பேசறதுதான்."

"பேசறதுக்கு ஒரு டாக்டரா? அப்ப எங்க தெருவுல எல்லாரும் டாக்டருதான்."

கலைவாணி சிரித்து முடித்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஆரம்பிக்கலாம். தயார் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அம்மா... நான் ஒண்ணாவது படிச்சப்ப நீ ஆஸ்பத்திரிக்குப் போனியே. இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுப் போன. நான் அங்கயே நின்னேன். வர்ற பஸ்ஸெல்லாம் பாத்தேன். பெரியம்மா இழுத்துகிட்டுப் போனாங்க. மறுநாளும் போய் நின்னேன். நீ திரும்பிக்கூடப் பாக்கலம்மா."

அம்மாவின் முகம் இறுகியது. "ஏன், உனக்கு அங்க சோறு துணிக்கு இன்னா குறை? அக்கா உன்ன நல்லாத்தான பாத்துகினா? நான் இன்னா ஊர் சுத்தவா போனேன்?"

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் வாயை மூடிக்கொள்வேன். மூடப் போனேன். கலைவாணி நாற்காலியைக் கொஞ்சம் அம்மா பக்கம் நகர்த்தினார்.

"அம்மா, நீங்க தப்பு பண்ணீங்கன்னு இவங்க சொல்லல. உங்களுக்கு அப்ப வேற வழியே இல்ல. ஆனா அந்த வயசுப் பொண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? அத மட்டும் ஒரு நிமிஷம் பாருங்க."

ரயில் ஒன்று போயிற்று. ஜன்னல் நடுங்கி நின்றது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"திரும்பிப் பாத்திருந்தா எறங்கியிருப்பேன். அதான் பாக்கல."

அம்மா முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்டக்டரு வந்து டிக்கெட் கேட்டான். வாயத் தொறந்தா அழுகதான் வருது. எங்க போவணும்னு சொல்ல முடியல. கையில இருந்த ஆஸ்பத்திரி சீட்டப் பாத்துட்டு, தாம்பரம்னு பக்கத்துல இருந்த பொம்பள சொல்லிச்சு. உங்கிட்ட ஏன் சொல்லலன்னா... நீ ஸ்கூல்ல சொல்லிட்டா? அம்மாவுக்கு அந்த சீக்குன்னு தெரிஞ்சா உன் பக்கத்துல எவளும் உக்கார மாட்டா. அந்தக் காலம் அப்டி."

"எனக்குத் தெரியாதும்மா..."

"இரு, நான் இன்னும் முடிக்கல." அம்மா இப்போது என்னைப் பார்த்தார். "நான் திரும்பி வந்தேனே, அன்னிக்கி நீ எங்கிட்ட வரல. அக்கா முந்தானைக்குப் பின்னால நின்னுகினு என்னப் பாத்த. யாரோ பொம்பளயப் பாக்கற மாதிரி. உன்னத் தூக்கணும்னு அம்மாம் ஆசையோட வந்தேன். தொட்டா நீ அழுதுடுவியோன்னு தொடல. அப்பால... அப்டியே பழக்கமாப் பூடுச்சு."

இது எனக்குத் தெரியவே தெரியாது. பஸ்ஸுக்காகக் காத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸில் வந்தவரிடம் நான் போகவில்லை என்பது ஞாபகத்தில் இல்லை. அந்த பஸ் ஸ்டாண்டில் இத்தனை வருடம் நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேனே...

"சொல்லிட்டுப் போயிருக்கணும்டி" என்றார் அம்மா. "உனக்குப் புரியுதோ இல்லியோ, சொல்லிட்டுப் போயிருக்கணும்."

நான் எழுந்து போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அது ஒரு ஆள் உட்காரும் நாற்காலி. இரண்டு பேருமே ஒல்லி கிடையாது. எப்படியோ உட்கார்ந்தோம். அம்மா என் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். நான் அழுதேன். அம்மாவும் அழுதார். கலைவாணி டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். அம்மா அதிலிருந்து ஒன்றை எடுத்து, என் மூக்கைப் பிடித்து, "சிந்து" என்றார். பத்திரிகையில் பத்தி எழுதுகிற, பல்லாயிரம் பேருக்கு அறிவுரை சொல்கிற நான்... சிந்தினேன். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலி கிரீச்சென்றது. அதற்கும் சிரித்தோம்.

படி இறங்கும்போது என்னவோ பள்ளிக்கூடம் பாதி நாள் லீவு விட்ட மாதிரி இருந்தது. ஆளுக்கு ஒரு செட் பூரி சாப்பிட்டோம். "கடலப் பாத்து நாளாச்சு" என்றார் அம்மா. அவ்வளவுதான், திருப்போரூர் வழியாக மாமல்லபுரத்துக்கு விட்டேன் வண்டியை. வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண் தினமும் பாட்டுப் பாடியது, நர்ஸ் ஒருத்தி என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு "அமுதாம்மா" என்றே கூப்பிட்டது... எனக்கு எல்லாமே புதுசு. அலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். ஒரு பெரிய அலை வந்து இடுப்பு வரை நனைத்தது. "இன்னா தள்ளு தள்றான் பாரு" என்று கடலைத் திட்டினார். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம். இருவருக்குமே அது பழக்கமில்லாத வேலை. ஆனால் வந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சேகர் போன் எடுக்காவிட்டால் இன்னமும் மனக்கண்ணில் அந்த லாரி வரும். ஆனால் இப்போது எனக்கு அந்தப் பயம் யார் என்று தெரியும். அது ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. "இரு, வந்துடுவாங்க" என்று அவளிடம் சொல்லிவிட்டு தோசை ஊற்றப் போகிறேன். சில நாள் தோசை கருகும். கருகட்டும்.

போன வாரம் சேகர் வெளியே போயிருந்தார். நான் போன் போடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சேகர்தான்.

"என்ன, ஒரு போனையும் காணோம்? உடம்புகிடம்பு சரியில்லயா?"

"நல்லா இருக்கேனே."

"எம்மேல ஏதாச்சும் கோவமா?"

"இல்லயே."

"சரி, சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் மறுபடியும் அடித்தார். மனுஷனைக் கலைவாணியிடம் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த வரிசையில் இன்னொருவர் முந்திக்கொண்டார்.

மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது, ஈரப் புடவையோடு காரில் உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று சொன்னார்: "அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு தபா தனியாப் பேசணும்."

"எதப் பத்திம்மா?"

"அத உங்கிட்ட சொல்றதுக்கா தனியான்னு சொன்னேன்?"

ஆகவே, வாசகர்களே, இந்தப் பத்தியைச் செங்கல்பட்டு மாடியில், வாசல் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா உள்ளே இருக்கிறார், நான்காவது வாரமாக. கதவு சாத்தியிருக்கிறது. உள்ளேயிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்கிறது.

என்னைப் பற்றியாகத்தான் இருக்கும்.